மாடித்தோட்டம்: தொட்டியின் பூர்வீகம் கேளுங்கள்



இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரைக்கும் ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். வழியில் ஏரி இருக்கும், ஏரிக்குக் கீழே பாசன நிலம் எவ்வளவு மிச்சம் என்று தேடத்தான் வேண்டும். நிலம் சிப்காட்டுக்குப் போனது, அதைச் சுற்றி மனையாகப் போனது. மனையில் வாடகை வீடுகள் வந்தன. ஒவ்வொரு வாடகை வீட்டுக்கும் மேலே ஒரு வெட்டவெளி கான்கிரீட் மாடி. மத்தியானம் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அதற்குக் கீழேதான் ஷிப்ட் முடிந்து வந்த பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

அந்த மாடியில் பச்சை வளர்த்தால் வீடும் குளிரும், கீரையும் கிடைக்கும். செலவும் அதிகம் இல்லை, ஏனென்றால் இந்தப் பகுதியில் தொழிற்சாலைக் கழிவுக்குப் பஞ்சமே கிடையாது. நீல ட்ரம், மரப் பேலட், தெர்மோகோல் பெட்டி, சாக்கு, கேன் எல்லாம் காயலான் கடையில் மலையாகக் கிடக்கும். ஆனால் மலிவு என்பதற்காக மட்டும் எடுத்துவிடக் கூடாது. நான் எடுத்தேன், பட்டேன். அதிலிருந்து கற்றுக்கொண்டதைப் பாடமாக எழுதுகிறேன். மாடியில் ஒரு பொருளை ஏற்றும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும். முன்பு இதில் என்ன இருந்தது? நனைந்தால் எவ்வளவு எடை? தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

கூரையில் காய் காய்ப்பது நமக்குப் புதிதல்ல

பசுமைக் கூரை என்றதும் வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். ஓலை வேய்ந்த வீட்டில் தரையில் ஒரு குழி எடுத்து, எருவும் சாம்பலும் போட்டு, சுரையோ பூசணியோ ஊன்றுவார்கள். கொடி கூரை ஏறும். மழைக்காலம் முடியும்போது கூரை மேல் காய் கிடக்கும். வேர் தரையில், நிழல் கூரையில். எடையும் இல்லை, செலவும் இல்லை. நம் பாட்டிகளின் பசுமைக் கூரை இதுதான்.

வெளியூர் உதாரணமும் ஒன்று சொல்கிறேன். நம் மறைமலைநகரில் 2022 வரை கார் செய்த அதே ஃபோர்டு நிறுவனம், அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் உள்ள தன் லாரித் தொழிற்சாலையின் கூரையில் சுமார் 10 ஏக்கருக்குச் செடி வளர்த்திருக்கிறது. 20 ஆண்டுகளுக்கு முன்பே செய்த வேலை. அங்கே வைத்தது செடம் என்ற தடித்த இலைச் செடி. மெல்லிய அடுக்கு மண்ணிலேயே பிழைக்கும், பெய்யும் மழையில் ஒரு பகுதியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம்மிடம் அந்த வேலையைச் செய்ய பருப்புக்கீரை இருக்கிறது, பிரண்டை இருக்கிறது, கற்றாழை இருக்கிறது. மூன்றுமே தண்ணீரை உடம்பில் சேர்த்து வைத்து வெயிலைத் தாங்கும் சாதி. கூடுதலாக, மூன்றும் நமக்குச் சோற்றுக்கும் மருந்துக்கும் ஆகும்.

தமிழகத் தோட்டக்கலைத் துறையும் 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானியத்தில் கொடுக்க ஆரம்பித்தது. அந்தப் பையில் மண்ணுக்குப் பதில் தென்னைநார்க் கழிவுக் கட்டி கொடுத்தது ஏன் என்று பலர் யோசிப்பதில்லை. எடைதான் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் கேள்வி: முன்பு இதில் என்ன இருந்தது?

காயலான் கடையில் நான்கு நீல ட்ரம் வாங்கினேன். ஸ்டிக்கர் கிழிந்திருந்தது. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன், இரண்டு நாள் வெயிலில் காய வைத்தேன். குறுக்கே அறுத்து எட்டுத் தொட்டி ஆக்கி, கீரையும் கத்தரியும் போட்டேன். கத்தரி இலை ஓரம் கருகியது. வெயிலாக்கும் என்று நினைத்தேன். கீரை நன்றாகத்தான் வந்தது. பறித்து, கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்த தம்பிகளுக்கும் கொடுத்தேன். "மருந்து அடிக்காத கீரைப்பா, தைரியமா சாப்பிடுங்க" என்று பெருமையாக வேறு சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு தம்பி துணி காய வைக்க மாடிக்கு வந்தான். ட்ரம் அடியில் மிச்சமிருந்த ஸ்டிக்கர் துண்டைக் குனிந்து பார்த்தான். சாய்ந்த சதுரம், அதற்குள் ஒரு கை மேல் சொட்டு விழுகிற மாதிரி படம். "சார், இந்த மாதிரி ட்ரம் எங்க பெயிண்ட் ஷாப்ல வரும். நாங்க கையுறை போட்டுத்தான் தொடுவோம். இதுலயா கீரை போட்டிருக்கீங்க?" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் கீரையை அவனும்தான் சாப்பிட்டிருந்தான்.

வங்கியில் இருந்த காலத்தில், புதிதாகக் கணக்குத் திறக்க வருகிறவர் யார் என்று தெரியாமல் ஒரு கணக்கும் திறக்க மாட்டோம். அடையாளம், முகவரி எல்லாம் கேட்போம். கே.ஒய்.சி. என்று அதற்குப் பெயர். அத்தனை வருஷம் அதைச் செய்துவிட்டு, நான் சாப்பிடுகிற கீரைக்கு வீடு கொடுக்கிற ட்ரம்மை மட்டும் விசாரிக்காமல் விட்டேன். எட்டுத் தொட்டியையும் அன்றே காலி செய்தேன். அந்த மண்ணை எருக்குழியில் கூடப் போடவில்லை. ட்ரம்மைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அதுவும் தப்பு என்று பிறகுதான் உறைத்தது. அவர் அதை அடுத்தவருக்கு விற்றிருப்பார். ஓட்டை போட்டு, வேறு எதற்கும் உதவாதபடி செய்துவிட்டாவது கொடுத்திருக்க வேண்டும்.

கழுவினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பிளாஸ்டிக் சுவர் கண்ணாடி மாதிரி இல்லை. கரைப்பான்களும் எண்ணெய் வகை ரசாயனங்களும் அதற்குள் ஊறிவிடும். மேலே கழுவினாலும் வெயில் பட்டுச் சூடேறும்போது மெல்ல வெளியே வரும். ரசாயனம் ஒட்டிய காலி ட்ரம்களை 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு மேலாண்மை விதிகளே அபாயகரமான கழிவு என்றுதான் பட்டியலிடுகின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி உள்ளவர்களிடம்தான் அவை போக வேண்டும். காயலான் கடைக்கு வருவதே முறையில்லை. வந்துவிட்டால் நம் மாடிக்காவது வரக் கூடாது.

என் மாடியில் இப்போது நான் பின்பற்றும் கணக்கு இது:

ட்ரம், கேன்: உணவுப் பொருள் வந்தது என்று லேபிளோடு இருந்தால் மட்டும் எடுக்கிறேன். எண்ணெய் டின், ஊறுகாய் ட்ரம், தண்ணீர்க் கேன் நல்லது. லேபிள் இல்லாதது, கிழித்தது, சாய்சதுரப் படம் உள்ளது எதுவும் வேண்டாம். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இருந்தால் பிளாஸ்டிக் வகை நல்லது என்று அர்த்தம். உள்ளே என்ன இருந்தது என்பதை அந்த எண் சொல்லாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

மரப் பேலட்: இறக்குமதிப் பெட்டிகளோடு வருவதில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை சுட்டிருப்பார்கள். அதில் எச்.டி. என்ற ஆங்கில எழுத்து இருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கிய மரம், எடுக்கலாம். எம்.பி. என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது, வேண்டாம். முத்திரை இல்லாததையும், எண்ணெய்க் கறை உள்ளதையும் தொடாதீர்கள்.

தெர்மோகோல் மீன் பெட்டி: கீரைக்கு இதைவிட லேசான தொட்டி இல்லை. மீன் மார்க்கெட்டில் கிடைக்கும். நன்றாகக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, வெளியே பழைய சணல் சாக்கைச் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் வெயிலில் பொரிந்து மணிமணியாகப் பறக்கும்.

அரிசிப் பை, சிமெண்ட் சாக்கு: பிளாஸ்டிக் இழையில் நெய்தது. வெயிலில் சீக்கிரம் நைந்து தூளாக உதிரும். அந்தத் தூள் மண்ணில் கலந்தால் பிரிக்க முடியாது. நான் விட்டுவிட்டேன்.

டயர், ஃப்ளெக்ஸ் பேனர்: டயரில் துத்தநாகமும் எண்ணெய்களும் உண்டு. பூச்செடிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், சாப்பிடுகிற செடிக்கு வேண்டாம். ஃப்ளெக்ஸைத் தளத்தில் விரித்து, ஒழுகாது என்று நம்ப வேண்டாம். வெயிலில் வெடித்துவிடும், கீழே ஈரம் தங்கித் தளத்தைக் கெடுக்கும்.

உடைந்த செங்கல், ஓடு, தேங்காய் மட்டை: கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். தொட்டியின் அடியில் வடிகாலுக்கு மட்டையைக் கவிழ்த்து அடுக்கினால் போதும்.

இரண்டாவது கேள்வி: நனைந்தால் எவ்வளவு எடை?

இந்தியத் தர விதி ஐ.எஸ். 875, இரண்டாம் பாகம், ஆள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று சுமை வைத்துக் கட்டச் சொல்கிறது. நமக்குப் புரிகிற கணக்கில் சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. ஆள் ஏறாத கூரைக்கு இதில் பாதிதான். இது புதிதாக, முறையாகக் கட்டிய வீட்டுக்கு. பழைய வீடு, கம்பி துருப்பிடித்த தளம், மேஸ்திரி கைக்கணக்கில் போட்ட தளம் என்றால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டாமல் எதையும் ஏற்ற வேண்டாம்.

இப்போது வரவுக்குச் செலவு பார்ப்போம். ஒரு அடி உயரத்துக்கு வெறும் மண் நிரப்பினால், நனைந்தபின் சதுர அடிக்கு 45 கிலோவுக்கு மேல் வரும். கையில் இருப்பது 14. மூன்று மடங்கு கடன்! மாடி முழுக்க மண் கொட்டிப் பாத்தி கட்டுகிற ஆசையை இதோடு விட்டுவிடுங்கள்.

நான் போடும் கலவை: செம்மண் ஒரு பங்கு, மட்கிய தென்னைநார்க் கழிவு மூன்று பங்கு, மண்புழு உரமோ மட்கிய தொழுவுரமோ இரண்டு பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. ஒரே அளவு வாளியில் நனைந்த செம்மண்ணையும் இந்தக் கலவையையும் தராசில் வைத்துப் பார்த்தேன். மண் 31 கிலோ, கலவை 17 கிலோ. கிட்டத்தட்டப் பாதி. நாலு அங்குல உயரம் பரப்பினால் சதுர அடிக்கு 8-லிருந்து 10 கிலோவுக்குள் நிற்கும். நடந்து போக ஆளுக்கும், தேங்குகிற மழைக்கும் மிச்சம் இருக்க வேண்டும் அல்லவா? அதனால் அதற்கு மேல் போவதில்லை.

தென்னைநார்க் கழிவைப் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள். அதில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை அது மட்குவதற்கே இழுத்துக்கொள்ளும். உப்பும் இருக்கும். மூன்று தடவை நல்ல தண்ணீரில் ஊற வைத்துப் பிழியுங்கள். ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் உப்பில்லாதது, பிடித்து வைத்தால் இதற்கு உதவும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கும், அதை ஊற்ற வேண்டாம். அலசியபின் சாணக் கரைசல் தெளித்து, நிழலில் குவித்து, ஈரம் குறையாமல் கிளறிவிட்டு வந்தால் சில மாதத்தில் கறுத்து மட்கிவிடும்.

கத்தரி, கொடிகளுக்கு ஆழம் வேண்டும். பாதி ட்ரம் நிறைய நனைந்த கலவை 80, 90 கிலோ வரும். அது நிற்கிற இடமோ மூன்று சதுர அடிகூட இல்லை. அதனால் ஆழத் தொட்டிகளைச் சுவருக்கும் பீமுக்கும் நேர் மேலே, இடைவெளி விட்டு வையுங்கள். அறையின் நடுப்பகுதிக்கு மேல் கீரைப் பெட்டி மட்டும். சன்ஷேடு, பால்கனி மாதிரி வெளியே நீட்டியிருக்கும் தளத்தில் எதுவுமே வேண்டாம்.

லைன் வீடுகளில் பாதி ஷீட் கூரை. அதன் மேல் ஒரு தொட்டியும் வைக்கக் கூடாது, ஆளும் ஏறக் கூடாது, உடைந்து உள்ளே விழுவார்கள். அங்கே பாட்டி வழிதான் சரி. வாசலில் தரையிலேயே ஒரு குழி, அல்லது ஒரு நல்ல ட்ரம். ஷீட்டுக்கு ஒரு அடி மேலே கயிற்றுப் பந்தல் இழுத்துக் கட்டி, சுரையோ பீர்க்கனோ கோவையோ ஏற்றிவிடுங்கள். காய் எட்டுகிற ஓரத்தில் காய்த்தால் பறியுங்கள், எட்டாதது விதைக்கு ஆகட்டும்.

மூன்றாவது கேள்வி: தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

ஒரு அங்குலம் தண்ணீர் தேங்கினால் சதுர அடிக்கு இரண்டரை கிலோ கிட்டத்தட்ட ஏறும். ஆறு அங்குலம் தேங்கினால் 14 கிலோ, அதாவது மாடியின் மொத்தக் கணக்கும் காலி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 சென்டிமீட்டர் பெய்தது. அன்று ஒரு இலைக் குப்பை மழைநீர்க் குழாயை அடைத்திருந்தால் கைப்பிடிச்சுவருக்குள் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் தோட்டம் போடும் முன் தளத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டு, கீழே கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் முதலில் தட்டோடும் பூச்சும் சரிசெய்யுங்கள், செடி பிறகு. எல்லாத் தொட்டியையும் செங்கல் துண்டோ பேலட் கட்டையோ கொடுத்து இரண்டு மூன்று அங்குலம் தூக்கி வையுங்கள். அடியில் தண்ணீர் ஓடும், காற்றும் போகும், துடைப்பமும் போகும். குழாய் வாயைச் சுற்றி இரண்டு அடிக்கு எதுவும் வைக்காமல், வாயில் ஒரு கம்பி வலை போடுங்கள். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தடவை, அடைமழையில் தினம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தள வெடிப்பில் முளைக்கிற அரசங்கன்றைக் கண்டவுடன் பிடுங்குங்கள். அது தளத்தையே பிளக்கும்.

காற்றும் மறக்கக் கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது மாடியில் கட்டாமல் வைத்ததெல்லாம் பறந்தது. லேசான பெட்டிகளைக் கயிற்றால் ஒன்றோடொன்று பிணையுங்கள்.

பல பயிர் ஏன்?

மாடி முழுக்கத் தக்காளி என்று போட்டால் மாவுப்பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. கழனியில் ஊடுபயிர் போடுகிற புத்தி மாடியிலும் வேண்டும். என் அமைப்பு மூன்று தட்டு.

சுவரோர ஆழத் தொட்டியில் கத்தரி, மிளகாய், வெண்டை. அவற்றின் காலடியில் தட்டைப்பயறு. அதன் வேர் முடிச்சு தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். இடையிடையே செண்டுமல்லி. அதன் வேர் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும், பூ தேனீயைக் கூப்பிடும். நடுவில் மீன் பெட்டிகளில் அரைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை. வெயில் அடிக்கும் மூலையில் பருப்புக்கீரை, பிரண்டை, கற்றாழை. கோடையில் மற்றதெல்லாம் சோர்ந்தாலும் இந்த மூலை பச்சையாக இருக்கும். மேலே பந்தலில் பாகல், பீர்க்கன், சுரை, அவரை. பந்தல் நிழலில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும்.

கொடியில் பூக்கிறது, காய்க்கவில்லை என்று பலர் சொல்வார்கள். தொழிற்சாலைப் பகுதியில் தேனீயும் விட்டில்பூச்சியும் குறைவு. சுரையும் பீர்க்கனும் சாயங்காலம் பூக்கும், பூசணி விடிகாலையில் பூக்கும். அந்தந்த நேரத்தில் ஆண் பூவைக் கிள்ளி, பிஞ்சோடு இருக்கிற பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிடுங்கள். இரண்டாவது ஷிப்ட் போகிறவர்கள் பூசணி போடலாம், முதல் ஷிப்ட்காரர்கள் சுரை போடலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஊட்டத்துக்குப் பத்து நாளுக்கு ஒரு தடவை பஞ்சகவ்யம், 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. அசுவினிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். விதை முடிந்தவரை நாட்டு விதை. ஒவ்வொரு பயிரிலும் நல்ல செடி ஒன்றை விதைக்கு விட்டுவிடுங்கள்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்

மாடித்தோட்டம் நிலத்துக்கு மாற்று இல்லை. 600 சதுர அடி மாடி ஒரு குடும்பத்துக்குக் கீரையும் கொஞ்சம் காயும் தரும். நெல் தராது, மாட்டுக்கு வைக்கோல் தராது, ஏரியை நிரப்பாது. "மாடியில்தான் விளையுதே, நிலம் எதுக்கு?" என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இங்கே தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். மண்ணில் கை வைக்க அவர்களுக்கு இப்போது இருக்கிற இடம் மாடி மட்டும்தான். என்றாவது ஊருக்குத் திரும்பி விவசாயம் செய்ய நினைக்கிறவர்களுக்கு அது ஒரு பள்ளிக்கூடம்.

அன்று ட்ரம்மைப் பார்த்துச் சொன்ன தம்பி இப்போது என் மாடியில் மூன்று மீன் பெட்டியில் சிறுகீரை போடுகிறான். புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் அவனிடம்தான் காட்டுகிறேன். உங்கள் ஊரிலும் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். எந்த ட்ரம்மில் என்ன வரும் என்று காயலான் கடைக்காரரைவிட அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. ட்ரம் வாங்கப் போனால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள், அது வேறு ஆபத்து. லேபிளைப் படியுங்கள். லேபிள் இல்லையா, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.